கை போனில் இருக்கும்போது கால் என்ன செய்கிறது?

கேள்வி: எனக்கு 39 வயது. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் பஸ் ஸ்டாப் வரை பத்து நிமிஷ நடை, சாயங்காலம் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்துக்குள் முக்கால் மணி நேரம் நடை. இரண்டு வேளையும் கையில் போன் இருக்கும். ஆபீஸ் வாட்ஸ்அப்புக்குப் பதில் போடுவது, பையனின் ஸ்கூல் மெசேஜ் பார்ப்பது எல்லாம் அப்போதுதான் முடிகிறது. போன மாதம் சாக்கடை மேல் போட்டிருந்த சிலாப் தடுக்கி, கணுக்கால் பிசகிவிட்டது. வீட்டில் எல்லோரும் போனைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் நான் பல வருஷமாக இப்படித்தான் நடக்கிறேன், நன்றாகப் பழகிவிட்டது, ஓரக்கண்ணில் தரை தெரியும். இதனால் உடம்புக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகிறதா, இல்லை சும்மா பயமுறுத்துகிறார்களா? ஹெட்செட்டில் பேசிக்கொண்டு நடந்தால் பரவாயில்லையா? டிரெட்மில்லில் போன் பார்க்கலாமா? கழுத்து வலியும் இருக்கிறது. தினமும் நடந்தும் எடை குறையவில்லை, சுகர் பார்டரிலேயே நிற்கிறது. அம்மாவுக்கு 68 வயது. அவரும் இப்போது வெளிநாட்டில் இருக்கும் பேரனோடு வீடியோ காலில் பேசிக்கொண்டே ஹாலில் நடக்கிறார், பேசின மாதிரியும் ஆச்சு, நடந்த மாதிரியும் ஆச்சு என்கிறார்.

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் நான்கைந்து கேள்விகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் பார்ப்போம். ஆனால் கடைசியில் அம்மாவைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஒரு பிசியோதெரபிஸ்டாக எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் விஷயம்.

யாரும் சும்மா பயமுறுத்தவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது உடம்பு நடக்கும் விதமே மாறிவிடுகிறது, அந்த மாற்றம் நடப்பவருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் பழகிவிட்டது என்று தோன்றுகிறது.

சிலாப்பை அப்படித் தூக்கலாக விட்டவர்கள் மேல் எனக்கும் கோபம்தான். நம் ஊர் பிளாட்பாரத்தில் தடுக்காமல் நடப்பதற்கே தனியாகக் கவனம் வேண்டியிருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அதே சிலாப்பைத் தாண்டி தினமும் எத்தனையோ பேர் பஸ் பிடிக்கப் போகிறார்கள், நீங்களும் பல நாள் தாண்டியிருப்பீர்கள். நாம் நடக்கும்போது ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 60 சதவீத நேரம் தரையில் ஊன்றியிருக்கும், மீதி 40 சதவீத நேரம் காற்றில் வீசி முன்னால் வரும். அப்படி வீசி வரும் கால், ஊன்றியிருக்கும் காலைக் கடக்கிற அந்த இடத்தில் கால் நுனிக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சென்டிமீட்டரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர், அவ்வளவுதான். சமதளத்தில் அதற்கு மேல் காலைத் தூக்குவது வீண் செலவு என்று உடம்பு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஒரு அங்குலம் தூக்கலாக இருக்கிற சிலாப் நுனியைத் தாண்ட வேண்டுமானால், கால் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே யாராவது தகவல் சொல்லியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது கண். மேடு பள்ளமான தரையில் கண் ஏறக்குறைய இரண்டு எட்டு முன்னாலேயே தரையைப் பார்த்துவிடுகிறது, அதை வைத்துத்தான் கால் எவ்வளவு உயர வேண்டும், எங்கே பதிய வேண்டும் என்று மூளை முடிவு செய்கிறது.

ஓரக்கண்ணில் தெரியும் என்கிறீர்கள். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எப்போதும் பிடிக்கிற மாதிரி போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், போனுக்குப் பின்னால் எந்தத் தரை மறைகிறது என்று மட்டும் கவனியுங்கள். பார்வை 45 டிகிரி சாய்வாகக் கீழே போகிறது என்று வைத்துக்கொண்டால், கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதால், போனும் கையும் சேர்ந்து மறைப்பது ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கும் தரையை. அதாவது உங்கள் அடுத்த இரண்டாவது எட்டு பதியப் போகிற இடத்தை. ஓரக்கண்ணுக்கு எதிரே வருகிற ஆட்டோ தெரியும், மாடு தெரியும், அசைகிற பெரிய பொருள் எல்லாம் தெரியும். சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிற சிலாப்பின் விளிம்பு, அசையாமல் கிடப்பது, அதற்குத் தெரியாது. அந்த அளவு நுணுக்கம் நேர்ப்பார்வையில் மட்டும்தான் உண்டு.

கண் கதை இப்படி என்றால், கையும் நெஞ்சும் தலையும் வேறு கதை. சாதாரணமாக நடக்கும்போது வலது கால் முன்னே போனால் இடது கை முன்னே வரும், இடுப்பு ஒரு பக்கம் திரும்பினால் நெஞ்சு எதிர்ப்பக்கம் திரும்பும், இந்த எதிரெதிர்த் திருப்பம்தான் உடம்பைச் சுழலவிடாமல் நேராகக் கொண்டுபோகிறது. போனை இரண்டு கையால் பிடித்த உடனே கை வீச்சு நின்றுவிடுகிறது. எழுத்து ஆடாமல் தெரிய வேண்டும் என்பதற்காக போனைக் கண்ணுக்கு நேராக நிலையாக வைக்கப் பார்க்கிறோம், அதற்காகக் கை, தோள், கழுத்து, நெஞ்சு எல்லாம் ஒன்றாக இறுகிவிடுகின்றன. தளும்பத் தளும்ப நிறைந்த பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பவர் எப்படி நடப்பார், அப்படி. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 26 ஆரோக்கியமானவர்களைச் சும்மா நடக்கவிட்டும், போனில் படித்துக்கொண்டு நடக்கவிட்டும், மெசேஜ் அடித்துக்கொண்டு நடக்கவிட்டும் உடம்பின் ஒவ்வொரு பகுதியின் அசைவையும் அளந்தார்கள். 2014ல் வெளிவந்த ஆய்வு இது. போனோடு நடந்தபோது வேகம் குறைந்தது, நேர்கோட்டிலிருந்து விலகல் கூடியது, தலையும் நெஞ்சும் தனித்தனியே அசையாமல் ஒரே கட்டையாக அசைந்தன. படித்தபோதே இப்படி, மெசேஜ் அடித்தபோது இன்னும் மோசம். தலை நிலையாக இருப்பது சமநிலைக்கு மிக முக்கியம், உள்காதும் கண்ணும் இருப்பது அங்கேதானே. தலை நெஞ்சோடு சேர்ந்து பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தால், எதிர்பாராமல் ஒரு தடுக்கல் வந்தால் சமாளிக்கிற திறன் குறைந்துவிடும்.

இப்போது உங்கள் "பழகிவிட்டது" என்ற வாதத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 33 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள், 2012ல் வெளியானது. எல்லோரும் இளவயதுக்காரர்கள், போனில் விரல் விளையாடுகிறவர்கள்தான். எட்டு மீட்டர் தள்ளி தரையில் ஒரு குறியைக் காட்டிவிட்டு, அப்புறம் அந்தக் குறியும் தரையும் தெரியாதபடி மறைத்துவிட்டு, நினைவை வைத்து அங்கே நடந்துபோகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து அதே சோதனை, சிலர் சும்மா, சிலர் போனில் பேசிக்கொண்டு, சிலர் மெசேஜ் அடித்துக்கொண்டு. பேசியவர்களின் வேகம் 16 சதவீதம் குறைந்தது, மெசேஜ் அடித்தவர்களின் வேகம் 33 சதவீதம் குறைந்தது. மெசேஜ் அடித்தவர்கள் பக்கவாட்டில் 61 சதவீதம் கூடுதலாக விலகினார்கள், போக வேண்டிய தூரத்தைவிட 13 சதவீதம் அதிகம் நடந்துபோனார்கள். கவனித்துப் பாருங்கள், இந்தச் சோதனையில் மெசேஜ் அடிக்காதவர்களுக்கும் தரை தெரியவில்லை. ஆகவே இது வெறும் கண் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம் என்று மனசுக்குள் வைத்திருக்கிற கணக்கு, மெசேஜ் அடிக்கும் வேலையில் கரைந்துபோகிறது. நடப்பது தானாக நடக்கிற காரியம் என்று நினைக்கிறோம், பாதி அப்படித்தான், தண்டுவடமும் சிறுமூளையும் நிறைய வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் திசை, தூரம், தடங்கல், எதிரே வருபவர் இதற்கெல்லாம் முன்மூளையின் கவனம் வேண்டும், மெசேஜ் அடிக்க வேண்டியதும் அதே கவனம்தான்.

வேகம் குறைவதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, அது உடம்பு தானாகவே எடுத்துக்கொள்கிற எச்சரிக்கை. இங்கிலாந்தில் ஆங்லியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தில் 2017ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், போனோடு தடங்கலைத் தாண்டியவர்கள் காலைத் தேவைக்கு மேல் உயரமாகத் தூக்கி, மெதுவாக வைத்தார்கள். எங்கே இருக்கிறது என்று சரியாகப் பார்க்காததால், எதற்கும் இருக்கட்டும் என்று தூக்கிவிடுகிறார்கள். தெரிந்த தடங்கலுக்கு இது உதவும், அங்கே ஒரு மேடு இருக்கிறது என்று முன்னமே தெரிந்திருந்தால். கவனத்திலேயே வராத சிலாப்புக்கு இது உதவாது. உங்கள் கணுக்கால் அங்கேதான் மாட்டியது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடுங்கள். கணுக்கால் முழுதாகச் சரியான பிறகு, வெயில் இறங்கின நேரமாகப் பார்த்து, மொட்டை மாடியில் வழுக்காத சிமென்ட் தரையில், கைப்பிடிச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் நனைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு எட்டு சாதாரணமாக நடங்கள். தடம் காய்வதற்குள், மறுபடி காலை நனைத்து, பக்கத்திலேயே, ஆபீஸ் குரூப்புக்கு உண்மையாகவே ஒரு பதில் அடித்துக்கொண்டு நடங்கள், சும்மா திரையைப் பார்த்தால் போதாது. யாரையாவது கூட நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு தடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் எட்டு குட்டையாகியிருக்கும், தடம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், பலருக்கு இரண்டு பாதத்துக்கும் நடுவே அகலம் கூடியிருக்கும். குட்டையான எட்டு, அகலமான ஊன்றல், இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையில் இருக்கும் நேரம் கூடுவது, கை வீச்சு இல்லாதது, இந்த நான்கையும் சேர்த்து ஒரு நோயாளியிடம் பார்த்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடக்கிற முதியவர் என்றுதான் நாங்கள் குறிப்பு எழுதுவோம். பல வருஷமாக நீங்கள் பழகிக்கொண்டது இந்த நடையைத்தான்.

எடையும் சுகரும் ஏன் அசையவில்லை என்பதற்கும் இதிலேயே ஒரு பதில் இருக்கலாம். ஒரே காரணம் என்று சொல்லமாட்டேன், சாப்பாடு, தூக்கம், மருந்து எல்லாம் உண்டு, அதை உங்கள் டாக்டர் பார்க்கட்டும். ஆனால் நடையால் பலன் வேண்டுமென்றால் வேகம் வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நடையில் மிதமான என்றால் தோராயமாக நிமிஷத்துக்கு 100 எட்டு. பேச முடிய வேண்டும், பாட மூச்சு வரக்கூடாது, அந்த அளவு. இன்றைக்குச் சாயங்காலம் ஒரு நிமிஷம் போன் இல்லாமல் எட்டை எண்ணுங்கள், அடுத்த ஒரு நிமிஷம் போனில் படித்துக்கொண்டு நடங்கள், கூட வருபவரை எண்ணச் சொல்லுங்கள். உங்கள் முக்கால் மணி நேரத்தில் எவ்வளவு நேரம் உண்மையில் நடைப்பயிற்சி, எவ்வளவு நேரம் வளாகத்தைச் சுற்றி வருகிற ஆபீஸ் வேலை என்று தெரிந்துவிடும். 45 நிமிஷம் போனோடு நடப்பதைவிட, போனைப் பையில் போட்டுவிட்டு 25 நிமிஷம் விசையாக நடந்துவிட்டு, மீதி 20 நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்து எல்லா மெசேஜுக்கும் பதில் போடுங்கள். இரண்டும் ஒழுங்காக முடியும்.

கழுத்து வலி. இதில் இணையத்தில் நிறைய மிரட்டல் ஓடுகிறது. தலையின் எடை 4.5 முதல் 5.5 கிலோ, 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ பாரம் என்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த எண் 2014ல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற முதுகெலும்பு அறுவை நிபுணர் கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, யாருடைய கழுத்திலும் கருவி வைத்து அளந்ததில்லை. குனிந்தால் கழுத்தின் பின்தசைகள் கூடுதலாக வேலை செய்கின்றன என்பது உண்மை. ஆனால் குனிந்ததால் எலும்பு தேய்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், கழுத்து குனிவதற்காகவே படைக்கப்பட்டது. பிரச்சினை நீண்ட நேரம் ஒரே நிலையில் இறுக்கிப் பிடிப்பதில்தான். நான் மேலே சொன்னேனே, எழுத்து ஆடாமல் இருக்க வேண்டும் என்று தோளும் கழுத்தும் இறுகிக்கொள்வது, அது முக்கால் மணி நேரம் நீடித்தால் ராத்திரி தோள்பட்டைக்கு மேலே கல் மாதிரி இருக்கத்தானே செய்யும். நாள் முழுவதும் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒருவருக்குக் கழுத்தையும் தோளையும் தளரவிடக் கிடைக்கிற ஒரே நேரம் நடைதான், கை வீசி நடப்பதே அதற்கு மருந்து, அதையும் போனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வலி கைக்கு இறங்கினாலோ, விரல் மரத்தாலோ, கையில் பலம் குறைந்த மாதிரி இருந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹெட்செட்டில் பேசுவது? உடம்பின் அசைவைப் பொறுத்தவரை மெசேஜைவிட எவ்வளவோ மேல். கண் தரையில் இருக்கும், கை வீசும், தலை நிமிர்ந்திருக்கும். ஆனால் கவனம் வேறு விஷயம். வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில், ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டும் ஒரு கோமாளியை மாணவர்கள் நடக்கிற இடத்தில் சுற்றவிட்டு, கடந்து வந்தவர்களிடம் கோமாளியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். போனில் பேசிக்கொண்டு வந்தவர்களில் நாலில் ஒருவர்தான் பார்த்திருந்தார். தனியாக வந்தவர்களில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள், பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் அதற்குக் குறையவில்லை, ஜோடியாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரையும்விட அதிகம் பார்த்திருந்தார்கள். நேரில் கூட வருபவரோடு பேசுவதும் போனில் பேசுவதும் ஒன்றில்லை என்பதை நாமே அனுபவத்தில் பார்க்கிறோம், கூட வருபவர் பைக் வந்தால் கையைப் பிடித்து இழுப்பார், ரோட்டைக் கடக்கும்போது பேச்சை நிறுத்துவார், போனில் இருப்பவருக்கு நீங்கள் நடு ரோட்டில் நிற்பதே தெரியாது. ஆகவே வளாகத்துக்குள் மெதுவான சத்தத்தில் பாட்டுக் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சும்மா ஊர்க்கதை பேசுவதிலும் பெரிதாக இல்லை. பஸ் ஸ்டாப் வரை போகிற அந்தப் பத்து நிமிஷம் மட்டும் எதுவும் வேண்டாம், இரண்டு காதும் திறந்திருக்கட்டும்.

டிரெட்மில் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், கையில் போன் வேண்டாம். தரையில் நடக்கும்போது கவனம் சிதறினால் உடம்பு வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பார்த்தோம். டிரெட்மில்லில் பெல்ட் உங்களுக்காக வேகத்தைக் குறைக்காது, அந்தப் பாதுகாப்பு அங்கே இல்லை. படிக்கட்டிலும் அப்படித்தான், குறிப்பாக இறங்கும்போது, ஒரு கை கைப்பிடிக்கு வேண்டும்.

சரி, நடுவில் அவசரமாக ஒரு மெசேஜ் வந்தால்? ஓரமாக ஒதுங்கி நின்று, அடித்து முடித்து, போனைப் பையில் வைத்துவிட்டு நடங்கள், அவ்வளவுதான் செய்ய வேண்டியது. திடீரென்று நடுவில் நிற்பதும் நல்லதில்லை, பின்னால் வருபவர் மோதுவார். கையில் வைத்திருந்தால் கண் போகும், அதனால் பை. இதில் மற்றவர்களுக்கும் பங்கு இருக்கிறது என்பதற்கு ஜப்பானில் ஒரு சோதனை நடந்தது. 27 பேர் கொண்ட இரண்டு கூட்டத்தை ஒரு பாதையில் எதிரெதிராக நடக்கவிட்டார்கள். சாதாரணமாக இப்படி நடந்தால் யாரும் சொல்லாமலே வரிசை வரிசையாகப் பிரிந்து இடிக்காமல் போய்விடுவார்கள். ஒரு கூட்டத்தின் முன்வரிசையில் மூன்றே மூன்று பேர் கையில் போனைக் கொடுத்ததும் வரிசை பிரிவது தாமதமானது, மொத்தக் கூட்டமும் மெதுவானது, போன் இல்லாதவர்களும் கடைசி நேரத்தில் விலகித் தடுமாறினார்கள். எதிரே வருபவர் எந்தப் பக்கம் போவார் என்பதை அவர் கண்ணையும் உடம்பையும் பார்த்துத்தான் நாம் ஊகிக்கிறோம், போனைப் பார்ப்பவரிடம் அந்தச் சைகை கிடைப்பதில்லை. ஹிசாஷி முராகாமியும் அவர் குழுவினரும் செய்த இந்த ஆய்வுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசு 2021ல் கிடைத்தது. சில ஊர்களில் சட்டமே வந்துவிட்டது, அமெரிக்காவின் ஹோனலுலு நகரில் 2017 முதல் போனைப் பார்த்துக்கொண்டு ரோட்டைக் கடந்தால் அபராதம், ஜப்பானின் யமாட்டோ நகரில் 2020 முதல் பொது இடத்தில் போனைப் பார்த்து நடக்கவே தடை. சட்டம் வரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி அம்மா.

அம்மாவுக்கு நடப்பதும் நல்லது, பேரனோடு பேசுவதும் நல்லது, இரண்டையும் ஒன்றாகச் செய்வதுதான் வேண்டாம் என்கிறேன். 68 வயதில் நடையின் தானியங்கித்தனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, உங்களைவிட அவருக்கு ஒவ்வொரு எட்டுக்கும் கூடுதல் கவனம் தேவைப்படும், பாதத்தில் உணர்ச்சி மந்தமாகியிருக்கலாம், கால் நுனி தூக்குவதும் குறைந்திருக்கலாம். ஹாலில் என்ன இருக்கப் போகிறது என்று நினைக்காதீர்கள். மிதியடியின் மடிந்த ஓரம், சார்ஜர் ஒயர், பையனின் விளையாட்டுச் சாமான், வாசல்படி, குனிந்து பார்க்க முடியாமல் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்த போன், காலுக்குக் கீழே இழுபடுகிற சேலை. இதோடு அவர் பைஃபோகல் கண்ணாடி (மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிப்பதற்கு) போடுகிறவராக இருந்தால், அதன் கீழ்ப்பாதி வழியாகத் தரை மங்கலாகத்தான் தெரியும், அதனாலேயே முதியவர்கள் தடுக்கி விழுவது நன்றாகத் தெரிந்த விஷயம். வீடியோ கால் வேறு, பேரன் ஏதாவது காட்டினால் பாட்டி முழுசாக அதற்குள் போய்விடுவார். போகத்தானே வேண்டும், அதற்குத்தானே பேசுகிறார்.

1997ல் லான்செட் மருத்துவ இதழில் சுவீடனின் உமியோ நகரத்திலிருந்து ஒரு சிறிய ஆய்வு வந்தது, எங்கள் துறையில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. முதியோர் இல்லத்தில் இருப்பவர்களோடு கூடவே நடந்துபோகும்போது சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார்கள். பேச ஆரம்பித்ததும் நடையை நிறுத்திவிட்டவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்துவிட்டார்கள். கருவி இல்லை, செலவு இல்லை, கூட நடந்து ஒரு கேள்வி கேட்டதுதான் சோதனை. நீங்களும் இந்த வாரம் அம்மாவோடு நடங்கள். முன்கூட்டிச் சொல்லாமல், நாளைக்கு என்ன சமைக்கலாம் என்கிற மாதிரி கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய ஒன்றைக் கேளுங்கள். நடந்துகொண்டே பதில் சொன்னால் நல்லது. நின்று பதில் சொன்னாலோ, எட்டு சட்டென்று குட்டையானாலோ, சுவரையோ உங்கள் தோளையோ தொட்டாலோ, நடப்பதற்கே அவர் கவனம் முழுவதும் செலவாகிறது என்று அர்த்தம். தயவுசெய்து ஏன் நின்றீர்கள் என்று கேட்டு அவரைப் பயமுறுத்தாதீர்கள், நின்றது புத்திசாலித்தனமான காரியம். விழுவோமோ என்ற பயம் வந்துவிட்டால் நடப்பதையே குறைத்துவிடுவார், அப்புறம் கால் இன்னும் பலவீனமாகும். அவரிடம் சொல்லாமல் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

அங்கே என்னென்ன கேட்க வேண்டும் என்றால், படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் பிரஷர் இறங்குகிறதா, தூக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா, சுகர் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி எப்படி, கண் கடைசியாக எப்போது பரிசோதித்தது, எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா. இந்த வயதுப் பெண்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அதிலிருந்து மீண்டு பழையபடி நடப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை வார்டில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியது, வீடியோ காலுக்கு ஒரு நாற்காலி. கைப்பிடி உள்ளதாக, கால் தரையில் முழுதாகப் பதிகிற உயரத்தில், போனை மேஜையில் சாய்த்து வைக்க ஒரு ஸ்டாண்டோடு போட்டுக் கொடுங்கள். கை இரண்டும் சும்மா இருந்தால் பேச்சும் நன்றாக இருக்கும். பேசி முடித்த பிறகோ அதற்கு முன்போ நடக்கட்டும், செருப்போ காலணியோ குதிகாலைப் பிடித்துக்கொள்கிற மாதிரி இருக்கட்டும். நடப்பதோடு சேர்த்து, முழங்கால் வலி இல்லாவிட்டால், அதே நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரோரமாக ஒரு பாதத்தின் முன்னால் மற்றொரு பாதத்தை வைத்து நாலு எட்டு நடப்பது, இவற்றை நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது தினமும் செய்யச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கையை ஊன்றி எழுந்தாலும் சரி.

உங்கள் கணுக்காலுக்கும் கிட்டத்தட்ட இதே வைத்தியம்தான். பிசகின கணுக்கால் வலி போனாலும் அதன் நிலை உணர்வு, அதாவது பார்க்காமலே பாதம் எப்படி இருக்கிறது என்று தெரிகிற உணர்வு, உடனே திரும்பாது, மறுபடி பிசகுவது பெரும்பாலும் அதனால்தான். வீக்கம் வடிந்து, ஊன்றி நடக்க வலி இல்லை என்றான பிறகு, பல் தேய்க்கும்போது வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் அரை நிமிஷம் நில்லுங்கள், சுலபமானதும் பிடியை விட்டு நில்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் வீக்கம் இருந்தால், படி இறங்கும்போது கணுக்கால் நழுவுகிற மாதிரி இருந்தால், எலும்பைத் தொட்டால் ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தால், உடற்பயிற்சியை ஆரம்பிக்காமல் முதலில் எலும்பு டாக்டரைப் பார்த்து எக்ஸ்ரே தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.